சிடி, டிவிடி மேல் குறைந்த செலவில் பெயர் போடுவதும் அச்சிடுவதும்: முழுமையான வழிகாட்டி

பென் டிரைவும் வாட்ஸ்அப்பும் வந்த பிறகும் சிடி, டிவிடி இன்னும் பல இடங்களில் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. நீதிமன்றத்தில் மின்னணுச் சாட்சியம் தாக்கல் செய்யும் வக்கீல் அலுவலகம், படத்தை சிடியில் போட்டுக் கொடுக்கும் ஸ்கேன் சென்டர், அரங்கேற்றம் நடத்தும் நடனப் பள்ளி, தேவாலயப் பாடகர் குழு, கல்யாண ஸ்டூடியோ, வீட்டுப் பழைய கேசட்டுகளை மாற்றி வைப்பவர்கள் என்று பட்டியல் நீளும். எல்லோருக்கும் ஒரே தேவை. வட்டைப் பார்த்ததும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும், பார்க்கவும் நன்றாக இருக்க வேண்டும், செலவு கையைக் கடிக்கக் கூடாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வட்டின் முகத்தில் செய்யும் எதுவும் உள்ளே இருக்கும் பதிவின் ஆயுளைக் குறைக்கக் கூடாது. தாத்தாவின் குரலோ பிள்ளையின் முதல் கச்சேரியோ இருக்கும் வட்டு, அழகுக்காக ஒட்டிய காகிதத்தால் படிக்க முடியாமல் போவது பெரிய இழப்பு. அதனால் இந்த வழிகாட்டியில் மலிவு என்று நான் சொல்வதெல்லாம் வட்டுக்கும் பாதுகாப்பான வழிகளில் மலிவானவை.

எந்தப் பக்கம் ஆபத்தான பக்கம்?

பளபளவென்று இருக்கும் அடிப்பக்கத்தைத்தான் எல்லோரும் பொத்திப் பொத்தி வைப்போம். ஆனால் சிடியில் பலவீனமான பக்கம் மேல்பக்கம், அதாவது நாம் எழுதும் பக்கம்.

சிடி 1.2 மி.மீ. கனமுள்ள பாலிகார்பனேட் தட்டு. லேசர் கீழிருந்து அந்த முழுக் கனத்தையும் கடந்து போய்த்தான் தகவலைப் படிக்கிறது. தகவல் பதியும் சாய அடுக்கும், அதன் மேல் ஒளியைத் திருப்பும் மெல்லிய உலோகப் பூச்சும் தட்டின் உச்சியில் இருக்கின்றன. அவற்றுக்கு மேல் இருப்பது சில மைக்ரான் கனமுள்ள அரக்குப் பூச்சு மட்டும்தான். பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினாலே அந்தப் பூச்சைத் தாண்டி உலோகம் கீறும். அடிப்பக்கக் கீறலைப் பாலிஷ் போட்டுத் தேற்றலாம். மேல்பக்கத்தில் உலோகம் போனால் போனதுதான்.

டிவிடி இதைவிடத் தேவலை. 0.6 மி.மீ. தட்டுகள் இரண்டை ஒட்டியதுதான் டிவிடி, தகவல் நடுவில் பத்திரமாக இருக்கும். ஆனால் அதில் தகவல் பதியும் தடங்களுக்கு இடையே உள்ள தூரம் 0.74 மைக்ரான்தான், சிடியில் 1.6 மைக்ரான். அவ்வளவு நெருக்கமாக இருப்பதால் வட்டு லேசாக வளைந்தாலே லேசர் தடுமாறும். ப்ளூ-ரேயில் கதை தலைகீழ்: தகவல் அடுக்கு படிக்கும் பக்கத்திலிருந்து வெறும் 0.1 மி.மீ. தள்ளி இருக்கிறது, எழுதும் பக்கம் நல்ல கனம்.

சுருக்கமாகச் சொன்னால் சிடிக்கு எதிரி கீறலும் கரைப்பான் கலந்த மையும், டிவிடிக்கு எதிரி வளைவு. இனி வரும் எல்லா அறிவுரையும் இதிலிருந்து வருவதுதான்.

எத்தனை வட்டு, யாருக்கு?

செலவை முடிவு செய்வது எண்ணிக்கைதான். ஐந்தாறு வட்டு என்றால் மார்க்கரும் நல்ல உறையும் போதும். பத்து முதல் ஐம்பது வரை என்றால் வெள்ளை முகமுள்ள பிரிண்டபிள் வட்டு வாங்கி, அச்சிடும் வசதி உள்ள கடையில் கொடுக்கலாம். மாதாமாதம் ஐம்பது, நூறு என்று போகும் ஸ்டூடியோ சொந்தமாகப் பிரிண்டர் வாங்கினால் கணக்கு சரியாக வரும். பல நூறு பிரதிகள் என்றால் ஒவ்வொன்றாகப் பதிவதையே விட்டுவிட்டு, ஆலையில் அச்சு வார்த்துத் தரும் இடத்தைத் தேடுங்கள். அங்கே முகத்தை அச்சிடுவதும் அதே விலையில் சேர்ந்து வரும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. வட்டு கொடுப்பதற்கா, வைத்திருப்பதற்கா? கொடுக்கும் பிரதியை அலங்கரியுங்கள். வைத்திருக்கும் மூலப் பிரதியில் எதையும் அச்சிட வேண்டாம். நடுவில் உள்ள கண்ணாடி வளையத்தில் ஓர் எண் மட்டும் எழுதி, விவரத்தை உறையிலும் ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள்.

மார்க்கர்: மிக மலிவானது, மிகப் பாதுகாப்பானது

ஸ்டேஷனரி கடையில் “சிடி மார்க்கர்” என்று கேட்டாலே எடுத்துத் தருவார்கள். கேம்லின் முதல் ஸ்டெட்லர் வரை பல கம்பெனிகளில் சிடி, டிவிடிக்கென்றே மார்க்கர் உண்டு. சாதாரண பெர்மனென்ட் மார்க்கரிலிருந்து இதைப் பிரிப்பது மையில் உள்ள கரைப்பான். மூக்கைத் துளைக்கும் வாசனையுள்ள சைலீன், டொலுயீன் கலந்த மை அரக்குப் பூச்சை ஊடுருவிப் போகும். ஆல்கஹால் கலந்த மை அதைவிடப் பரவாயில்லை. தண்ணீர் கலந்த மைதான் பயமில்லாதது. அமெரிக்க அரசின் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட் 2003-இல் வெளியிட்ட சிடி, டிவிடி பராமரிப்புக் கையேடும் கரைப்பான் இல்லாத, மென்மையான முனையுள்ள மார்க்கரால் மட்டும் எழுதச் சொல்கிறது.

எங்கே எழுதுவது என்பதும் முக்கியம். வட்டின் நடுத்துளையைச் சுற்றி ஒளி ஊடுருவும் ஒரு வளையம் இருக்கிறதே, அங்கே தகவல் எதுவும் இல்லை. சிடியில் தகவல் பகுதி ஏறக்குறைய 45 மி.மீ. விட்டத்துக்கு வெளியேதான் தொடங்குகிறது. அதனால் வரிசை எண், தேதி இரண்டையும் அந்த வளையத்தில் எழுதினால் மை எதுவாக இருந்தாலும் பதிவுக்குப் பாதிப்பில்லை. இடம் குறைவு, சிறிய எழுத்தில் பத்துப் பன்னிரண்டு எழுத்துதான் பிடிக்கும். ஆனால் அதுவே போதும்: “க-07 / 14.1.2025” என்று எழுதிவிட்டால் மீதியை நோட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

முகத்தில் எழுதுவதென்றால் நான் வைக்கும் வரிசை இது: முதலில் நிகழ்ச்சியின் பெயர், அடுத்து நாள், அப்புறம் “2/3” என்று எத்தனையாவது வட்டு என்பது, கடைசியில் அது எதில் ஓடும் என்பது. இந்தக் கடைசி விவரத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். டிவிடி பிளேயரில் ஓடும் படமா, கம்ப்யூட்டரில் மட்டும் திறக்கும் கோப்பா என்று ஒரு சொல் எழுதிவிட்டால் வாங்கிப் போகிறவர் திரும்ப போன் செய்ய மாட்டார்.

அழுத்தாமல், ஒரே இழுப்பில் எழுதுங்கள். வட்டை வெறும் மேசையில் வைக்காமல் மெல்லிய துணியின் மேல் வையுங்கள், இல்லாவிட்டால் மேசையில் கிடக்கும் மணல் துகள் அடிப்பக்கத்தைக் கீறிவிடும். எழுத்து நன்றாக வராதவர்கள் பள்ளிக்கூடத்து ஸ்டென்சில் அட்டையைப் பயன்படுத்தலாம்.

ரப்பர் ஸ்டாம்ப்: பலரும் யோசிக்காத வழி

ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வட்டு கொடுக்கிறதென்றால் இதைவிடச் செலவு குறைந்த அச்சு கிடையாது. ஒரு சங்கீதப் பள்ளி தன் பெயர், ஊர், “நிகழ்ச்சி”, “நாள்” என்று இரண்டு வெற்றுக் கோடுகள் சேர்த்து ஒரு ஸ்டாம்ப் செய்துகொண்டால் அது வருடக்கணக்கில் உழைக்கும். கோட்டில் மட்டும் மார்க்கரால் நிரப்ப வேண்டும்.

ஒரு நிபந்தனை உண்டு. வட்டு வெள்ளை முகமுள்ள பிரிண்டபிள் வட்டாக இருக்க வேண்டும். ஸ்டாம்ப் மை பளபளப்பான அரக்கில் காயாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும், வெள்ளைப் பூச்சு அதை உறிஞ்சிக்கொள்ளும். ஸ்டாம்பின் உயரம் 30 மி.மீ.க்குள் இருந்தால் துளைக்கு மேலோ கீழோ அழகாக உட்காரும். மையைக் கொஞ்சமாகத் தொட்டு, அடியில் நாலைந்து தாளை வைத்து, ஓங்கிக் குத்தாமல் மெதுவாகப் பதியுங்கள்.

வெள்ளை முக வட்டும் இங்க்ஜெட்டும்

முழு வண்ணத்தில் கடை வட்டு போல வேண்டுமென்றால் இதுதான் சரியான வழி. பிரிண்டபிள் வட்டின் மேல்பக்கத்தில் மையை உறிஞ்சும் வெள்ளைப் பூச்சு இருக்கும். வட்டைத் தாங்கும் ஒரு ட்ரேயோடு வரும் இங்க்ஜெட் பிரிண்டர் அதன் மேல் நேரடியாக அச்சிடும். லேசர் பிரிண்டரில் இது நடக்காது. டோனரை உருக்கி ஒட்டவைக்க அது தாளைப் பலமாகச் சூடாக்குகிறது, பாலிகார்பனேட் 147 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கிவிடும். யாராவது “பைபாஸில் (தாளைக் கையால் செருகும் வழியில்) விட்டுப் பார்க்கலாம்” என்றால் தடுத்துவிடுங்கள்.

பிரிண்டரை எங்கே பிடிப்பது? நம் ஊரில் இதற்கு அருமையான ஒரு வழி இருக்கிறது. ஐடி கார்டு அடிக்கும் கடைகள். பள்ளி, கல்லூரி அடையாள அட்டைகளை பிவிசி தாளில் அடிக்கப் பல கடைகளும் ஸ்டூடியோக்களும் எப்சன் எல்805, எல்8050 போன்ற பிரிண்டர்களைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆறு வண்ண மைத் தொட்டியுள்ள அந்த இயந்திரங்கள் சிடி, டிவிடியிலும் அச்சிடக்கூடியவை. அட்டைக்கான ட்ரேயைக் கழற்றி வட்டுக்கான ட்ரேயைப் போட்டால் வேலை முடிந்தது. “சிடி ட்ரே பத்திரமாக இருக்கிறதா?” என்று கேட்டுவிட்டு, வட்டையும் வடிவமைப்பையும் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். ஒரு வட்டுக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளலாம்.

சொந்தமாக வாங்குவதென்றால் புதிய எல்8050 இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் போகும். வட்டுக்காக மட்டும் அந்தப் பணத்தைப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. போட்டோவும் அடையாள அட்டையும் சேர்த்து அடிப்பவர்களுக்குத்தான் அது கட்டும். பழைய எல்800, எல்805, கேனான் பிக்ஸ்மா ஐபி7270 ஆகியவை செகண்ட் ஹேண்டில் வந்தால் இரண்டு விஷயம் பாருங்கள். முதலாவது, வட்டு ட்ரே கூட வருகிறதா, அதில் வளைவோ உடைசலோ இருக்கிறதா. கேனானில் ட்ரேயின் மேல் உள்ள பிரதிபலிப்புப் பட்டைகளை வைத்துத்தான் இயந்திரம் ட்ரேயை அடையாளம் காணும், அதில் அழுக்கோ கீறலோ இருந்தால் ட்ரே இல்லை என்றே சாதிக்கும். இரண்டாவது, மை வரும் துளைகளைச் சோதிக்கும் நாசில் செக் தாள் அடித்துப் பார்த்து எல்லா வண்ணக் கோடுகளும் விடுபடாமல் வருகின்றனவா என்று பாருங்கள். அடைபட்ட ஹெட்டைச் சரிசெய்யும் செலவு, மலிவாக வாங்கியதையெல்லாம் சாப்பிட்டுவிடும்.

இனி படிப்படியாகப் போவோம்.

படி 1: வட்டு வாங்குவது. உறையில் “இங்க்ஜெட் பிரிண்டபிள்” என்று இருக்க வேண்டும். வெள்ளையாக இருப்பதெல்லாம் இங்க்ஜெட்டுக்கானவை அல்ல, வெப்ப அச்சுக்கான வெள்ளை வட்டும் உண்டு, அதில் நம் மை ஒட்டாது. அடுத்து, நடுத்துளை வரை அச்சிடக்கூடியதா என்று பாருங்கள். சிலவற்றில் வெள்ளைப் பூச்சு 46 மி.மீ. விட்டத்திலேயே நின்றுவிடும், சிலவற்றில் 22 மி.மீ. வரை உள்ளே வரும். இரண்டாவது வகை பார்க்க அழகு, எழுத இடமும் அதிகம். ஒரு காலத்தில் கிரேட்டர் நொய்டாவின் மோசர் பேர் வட்டுகள் தெருக்கடை வரை கிடைத்தன. 2018-இல் அந்தக் கம்பெனியைக் கலைக்க உத்தரவு வந்த பிறகு, பிரிண்டபிள் வட்டைக் கொஞ்சம் தேடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. சென்னையில் ரிச்சி தெரு, மற்ற ஊர்களில் ஸ்டூடியோவுக்குப் பொருள் விற்கும் கடைகள், இல்லாவிட்டால் ஆன்லைன். 50 வட்டுள்ள டப்பாவாக வாங்கினால் ஒன்றின் விலை கணிசமாகக் குறையும், நண்பர்களோடு பங்கு போட்டுக்கொள்ளலாம்.

படி 2: வடிவமைப்பு. இலவசமான இங்க்ஸ்கேப் போதும். பக்க அளவை 120 × 120 மி.மீ. ஆக வையுங்கள். அதில் 116 மி.மீ. வட்டம் ஒன்று, 46 மி.மீ. வட்டம் ஒன்று (நடுத்துளை வரை வெள்ளையான வட்டென்றால் 24 மி.மீ.) வரைந்து, இரண்டுக்கும் இடையில் மட்டும் வேலை செய்யுங்கள். விளிம்பைத் தொட்டு அடித்தால் மை ட்ரேயில் வழிந்து அடுத்த வட்டின் அடிப்பக்கத்தைக் கெடுக்கும். படமாகச் செய்வதென்றால் 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 120 மி.மீ. என்பது 1417 பிக்சல். இதைவிடச் சிறிய படத்தை இழுத்துப் பெரிதாக்க வேண்டாம்.

வட்ட வடிவத்தில் எழுத்து வைப்பதற்கு ஒரு கணக்கு உதவும். மையத்திலிருந்து 40 மி.மீ. மேலே ஒரு வரி வைத்தால் அங்கே வட்டின் அகலம் 84 மி.மீ. இருபுறமும் கொஞ்சம் விட்டு 75 மி.மீ.க்குள் தலைப்பை முடித்துக்கொள்ளுங்கள். துளையின் இடது, வலது பக்கங்களில் 35 மி.மீ. தான் கிடைக்கும், நாள், ஊர் மாதிரி சின்ன விவரத்துக்கு அது சரி. நன்றிப் பட்டியலை எல்லாம் முகத்தில் ஏற்ற வேண்டாம், அது உறைக்குப் போகட்டும்.

தமிழ் எழுத்தில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். போட்டோஷாப்பில் “கொ”, “கே” போன்றவை உடைந்து, கொம்பு இடம் மாறி வந்தால், பிரிஃபரன்ஸஸ் பகுதியில் டைப் என்பதற்குள் போய் வேர்ல்ட்-ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுங்கள். இங்க்ஸ்கேப், கிம்ப் இரண்டிலும் யூனிகோடு தமிழ் தானாகவே சரியாக வரும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், காட்டமரன், பலூ தம்பி எல்லாமே இலவச எழுத்துருக்கள். கடைக்குக் கொடுக்கும்போது திருத்தக்கூடிய மூலக் கோப்பாகக் கொடுக்காதீர்கள். டிடிபி செய்பவரிடம் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள்தான் இருக்கும், உங்கள் யூனிகோடு எழுத்துரு இருக்காது. பிஎன்ஜி படமாகவோ எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃபாகவோ மாற்றிக் கொடுத்தால் நீங்கள் பார்த்ததே அச்சில் வரும்.

8 புள்ளி (பாயிண்ட்) எழுத்தளவுக்குக் கீழே தமிழ் வேண்டாம். வெள்ளைப் பூச்சில் மை லேசாகப் பரவும், ணை, ஞ, றி போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்தால் இந்தத் தொல்லை இரட்டிப்பாகும். செலவைக் குறைக்க ஒரே ஒரு யோசனை கேட்டால் இதைத்தான் சொல்வேன்: பின்னணியை வெள்ளையாகவே விடுங்கள். மை மிச்சம், சீக்கிரம் காயும், எழுத்தும் பளிச்சென்று இருக்கும். ஒரு சின்னப் புகைப்படம், பெரிய தலைப்பு, நாள். இதற்கு மேல் ஒரு வட்டுக்குத் தேவையில்லை.

படி 3: முதலில் பதிவு, பிறகு அச்சு. வட்டைப் பர்ன் செய்து, வெரிஃபை செய்து (பதிந்தது மூலத்தோடு ஒத்துப்போகிறதா என்று சோதித்து), ஒரு முறை ஓட்டியும் பார்த்த பிறகே அச்சுக்கு எடுங்கள். எப்சனின் கையேடும் இந்த வரிசையைத்தான் சொல்கிறது: அச்சிடும்போது அடிப்பக்கத்தில் படும் கைரேகையும் தூசியும் பிறகு பதியும்போது பிழையை உண்டாக்கும். பதிவு கெட்ட வட்டுக்கு மை செலவழிக்கும் நஷ்டமும் இதனால் தவிர்க்கப்படும். விண்டோஸில் இம்ஜ்பர்ன், லினக்ஸில் கே3பி இரண்டுமே இலவசம், இரண்டிலும் வெரிஃபை உண்டு. பதிவு கெட்டுப்போன பிரிண்டபிள் வட்டு ஒன்றைத் தூக்கிப் போடாதீர்கள், அடுத்த படிக்கு அதுதான் தேவை.

படி 4: இடம் சரிபார்ப்பு. வடிவமைப்பை முதலில் சாதாரண ஏ4 தாளில் அதே அளவில் அடித்து, வட்டை அதன் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துளையும் ஓரமும் பொருந்துகிறதா என்று தெரிந்துவிடும். பிறகு அந்தக் கெட்ட வட்டை ட்ரேயில் வைத்து ஒரு முறை அடியுங்கள். ஒரு பக்கமாக ஒதுங்கி வந்தால், எத்தனை மி.மீ. என்று அளவுகோலால் அளந்து, மென்பொருளின் அச்சு இடத் திருத்தத்தில் அந்த எண்ணைக் கொடுங்கள். எல்805-க்கு எப்சன் பிரிண்ட் சிடி, எல்8050-க்கு எப்சன் போட்டோ பிளஸ், கேனான் ஐபி7270-க்கு மை இமேஜ் கார்டன். எல்லாமே அந்தந்தக் கம்பெனித் தளத்தில் இலவசம். ஒரு பிரிண்டருக்கு ஒரு முறை கண்டுபிடித்த திருத்த எண்ணை ட்ரேயின் பின்னால் எழுதி வைத்தால் அடுத்த முறை நேரம் மிச்சம்.

படி 5: அச்சு. பிரிண்டர் முழுதாக ஓடி அமைதியான பிறகே ட்ரேயைச் செருகுங்கள். வட்டின் வெள்ளை முகம் மேலே. நடுக்குமிழில் வட்டு முழுதாக உட்கார்ந்திருக்க வேண்டும், ஒரு ஓரம் தூக்கினாலும் ஹெட் உரசும். ட்ரேயில் உள்ள குறியும் இயந்திரத்தில் உள்ள குறியும் நேராக வரும்வரை மட்டும் தள்ளுங்கள், அதற்கு மேல் பலம் வேண்டாம். அமைப்பில் காகித வகை சிடி/டிவிடி என்று இருக்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள். கிளாஸி போட்டோ பேப்பர் என்று விட்டுவிட்டால் மை அளவுக்கு மீறிக் கொட்டி, முகம் நாள்கணக்கில் பிசுபிசுக்கும். கடையில் கொடுக்கும்போதும் இந்த ஒன்றை மட்டும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: காயவைப்பது. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், நம்பாதீர்கள். 24 மணி நேரம் விட்டுவிட்டுத்தான் டிரைவில் போடுவதும் உறைக்குள் வைப்பதும். வெயிலில் காயவைக்கவே கூடாது. மை சீக்கிரம் காயும் என்று மொட்டை மாடியில் பரப்பினால், பதிவைத் தாங்கும் சாயம் வெயிலில் வெளுக்கத் தொடங்கும். நிழலில், மின்விசிறி ஓடும் அறையில், ஒன்றன் மேல் ஒன்று அடுக்காமல் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கடலோர ஊர்களில் இன்னும் ஒரு நாள் கூடுதலாக விடுவது நல்லது. இந்த மை தண்ணீரில் கரையும் வகை. ஈரக்கை பட்டாலே ஈஷும் என்று வாங்குகிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மேலே வார்னிஷ் ஸ்ப்ரே அடிக்கச் சொல்வார்கள், அதில் உள்ள கரைப்பானை நினைத்தால் எனக்குத் துணிவு வரவில்லை. நனையும் வாய்ப்பிருக்கிறதென்றால் வாட்டர் ரெசிஸ்டன்ட் பிரிண்டபிள் வட்டுகளே தனியாக வருகின்றன, அவற்றை வாங்குங்கள்.

ஸ்டிக்கர் பற்றி

ஏ4 தாளில் இரண்டு வட்டமாக வரும் சிடி ஸ்டிக்கர்தான் பலருக்கும் முதலில் தோன்றுவது. சாதாரண பிரிண்டரே போதும் என்பதால் மலிவாகத் தெரியும். ஆனால் வேகமாகப் படிக்கும் டிரைவில் வட்டு நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று வரை சுழல்கிறது. ஸ்டிக்கர் ஒரு மி.மீ. ஒதுங்கி உட்கார்ந்தாலும் எடை ஒரு பக்கம் சாய்ந்து வட்டு அதிரும், படிப்பது திணறும். நம் ஊர் ஈரப்பதத்தில் காகிதம் விரிவதும் சுருங்குவதுமாக இருப்பதால் டிவிடி மெல்ல வளையும். காரில் வட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும் பிளேயரில் போட்டால் வெப்பத்தில் பசை இளகி, காகிதத்தின் ஓரம் பிரிந்து உள்ளே சிக்கும். நிஸ்ட் கையேடு நெடுநாள் வைக்கும் வட்டில் ஒட்டுத்தாள் கூடாது என்கிறது.

வேறு வழியே இல்லை, ஒரு வாரம் ஓடினால் போதும் என்ற வட்டுக்கு மட்டும் ஒட்டலாம். அப்போதும் முழு வட்டமாக வெட்டிய ஸ்டிக்கரையே, நடுவில் பிடித்து இறக்கும் ஒட்டுக்கருவியோடு ஒட்டுங்கள். முகவரித் தாள் மாதிரி ஒரு பக்கம் மட்டும் ஒட்டும் நீளச் சதுர ஸ்டிக்கர் எந்த வட்டுக்கும் ஆகாது. ஏற்கெனவே ஸ்டிக்கர் ஒட்டிய பழைய சிடிகள் வீட்டில் இருந்தால் உரிக்க முயலாதீர்கள். பசையோடு உலோகப் பூச்சும் சேர்ந்து பிய்ந்து வரும். ஓடும்போதே உள்ளிருப்பதைக் காப்பி எடுத்துப் புது வட்டில் போட்டுவிடுங்கள்.

மற்ற வழிகள், சுருக்கமாக

லைட்ஸ்க்ரைப் என்று எச்பி 2004-இல் கொண்டுவந்த முறையில், வட்டைத் திருப்பிப் போட்டால் டிரைவின் லேசரே முகத்தில் ஒற்றை நிறத்தில் படம் வரையும். மை இல்லை, பசை இல்லை, நல்ல யோசனை. ஆனால் அதற்கான வட்டுகள் இப்போது அரிது. காஸியோவின் சிறிய வெப்ப அச்சு இயந்திரங்களும் ரிப்பன் கிடைக்காமல் ஒதுங்கிவிட்டன. விசிட்டிங் கார்டு அடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் ஒரே நிறத்தில் அடித்துத் தருகிறேன் என்பார்கள். ஆலைகளிலும் ஸ்கிரீன் முறைதான் என்றாலும், அங்கே புற ஊதா ஒளியில் உறையும் மையைப் பயன்படுத்துகிறார்கள். உள்ளூர்க் கடையின் பிளாஸ்டிக் மையில் பாலிகார்பனேட்டை அரிக்கும் கரைப்பான் இருக்கலாம். விலை குறைவாக இருந்தாலும் நான் கொடுக்க மாட்டேன்.

அழகை உறையில் வையுங்கள்

வட்டில் செலவழிக்காத பணத்தில் பாதியை உறையில் போட்டால் மொத்தமும் பார்க்க எடுப்பாக இருக்கும். உறையில் எந்த மையும் எந்தப் பிரிண்டரும் சரிதான், பதிவுக்கு ஆபத்து இல்லை. டிவிடி பெட்டியின் வெளித்தாள் 273 × 183 மி.மீ., நடுவில் 14 மி.மீ. முதுகு. ஏ4 தாளில் அப்படியே அடங்கும், ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட் ஒன்று எடுத்து ஓரம் வெட்டினால் போதும். முதுகில் பெயர் எழுத மறக்காதீர்கள், அலமாரியில் தெரிவது அது மட்டும்தான். சிடி பெட்டிக்கு முன்னட்டை 120 மி.மீ. சதுரம், பின்னட்டை 151 × 118 மி.மீ.

பெட்டியும் வேண்டாம் என்றால் ஒரே ஏ4 தாளில் உறை மடிக்கலாம். அச்சுப் பக்கம் கீழே இருக்கும்படி தாளை நெட்டாக வையுங்கள். அடி ஓரத்தை 126 மி.மீ. மேலே மடியுங்கள். இப்போது இடது, வலது ஓரங்களை 42 மி.மீ. உள்பக்கமாக, இரண்டு அடுக்கையும் சேர்த்து மடித்து, ஒரு சொட்டுப் பசையால் ஒட்டுங்கள். 126 மி.மீ. சதுரப் பை கிடைக்கும், மேலே மீந்திருக்கும் 45 மி.மீ. மூடியைப் பைக்குள் செருகிவிடலாம். திருப்பினால் வருவதுதான் முகப்பு. அதனால் வடிவமைக்கும்போது தாளின் மேலிருந்து 45 மி.மீ., இடமிருந்து 42 மி.மீ. தள்ளி ஒரு 126 மி.மீ. சதுரத்தில் படத்தை வையுங்கள். 100 ஜிஎஸ்எம் தாள் என்றால் மடிப்பு விறைப்பாக நிற்கும். மலிவான பிளாஸ்டிக் பவுச்சில் வைப்பதைவிட அச்சிட்ட வட்டுக்கு இதுதான் நல்லது, ஏனென்றால் வெக்கையில் இங்க்ஜெட் முகம் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொள்ளும்.

நீதிமன்றத்துக்குப் போகும் வட்டு

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி, மின்னணுச் சாட்சியத்தோடு தரும் சான்றிதழில் கோப்பின் ஹேஷ் மதிப்பையும் (கோப்பிலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற அடையாளக் குறி) குறிப்பிட வேண்டும். இங்கே அலங்காரத்துக்கு இடமில்லை. ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், உரிந்தால் எந்த வட்டு எது என்பதே சிக்கலாகிவிடும். ஒரு முறை மட்டும் எழுதக்கூடிய வட்டில் பதிந்து, பதிவை முடித்து மூடி, வெரிஃபை செய்து, வழக்கு எண், பதிந்த நாள், வட்டு எண் மூன்றையும் சிடி மார்க்கரால் எழுதுங்கள். எஸ்ஹெச்ஏ-256 முறையில் எடுத்த ஹேஷ் மதிப்பு 64 எழுத்து நீளம், அதை வட்டில் எழுத முயன்று தவறு செய்வதைவிட, முழுதாகச் சான்றிதழில் அச்சிட்டு, அதன் முதல் எட்டு எழுத்தை மட்டும் காகித உறையில் குறித்து வைக்கலாம். இரண்டு பிரதி எடுத்தால் நடு வளையத்தில் “1/2”, “2/2” என்று போட்டு, அலுவலகத்தில் எது இருக்கிறது என்பதைக் கோப்பின் முதல் தாளில் எழுதிவிடுங்கள்.